தோல்வி வரும் என்று எழுதி வைத்த ஜனாதிபதி

தேர்தல் என்றதும் எமக்குச் சுவரொட்டியும் ஒலிபெருக்கியும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். மேடையில் ஏறிய வேட்பாளர் எவரும் வெற்றி தமக்கே என்றுதான் முழங்குவார். அவரே வீட்டில் இருந்து நெருங்கியவர்களுக்கு என்ன எழுதுகிறார் என்பது நாம் அறியாத விடயம். அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அப்படி எழுதிய சில கடிதங்கள் அழியாமல் இருக்கின்றன. அவற்றை எம்மவரும் அறிந்திருப்பது நல்லது.

தாம் பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் வராது என்று லிங்கன் எழுதியிருக்கிறார். படிப்பை இடையில் விட்டு, இன்று தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்கும் எம் போன்றவர்களுக்கு இது சற்று ஆறுதல் தரும். அவர் தாமாகவே படித்துச் சட்டத்தரணி ஆனவர்.

1860 இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக வர விரும்பினார். ஆனால் கட்சியில் முன்னுக்கு நின்றவர் நியூயோர்க்கைச் சேர்ந்த செனட்டர் வில்லியம் சீவார்ட். மார்ச் 24 இல் ஒஹையோவில் இருந்த சாமுவேல் கலோவே என்பவருக்கு லிங்கன் ஒரு கடிதம் எழுதினார். தமது பெயர் களத்துக்குப் புதிது. பலருக்குத் தாம் முதல் தெரிவு அல்ல. ஆகவே எவர் மனதையும் நோகடிக்கக் கூடாது. தாங்கள் விரும்பியவரைக் கைவிட நேர்ந்தால் அவர்கள் எம்மிடம் வரும் மனநிலையில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏப்ரல் 29 இல் செனட்டர் லைமன் ட்ரம்புல்லுக்கு எழுதியபோது, அந்தப் பதவியின் ருசி தமது வாயிலும் சிறிது பட்டுவிட்டது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

கணக்குத் தப்பவில்லை. மே மாதம் சிக்காகோவில் நடந்த மாநாட்டில் முதற்சுற்றில் சீவார்டுக்கு 173½ வாக்குகள், லிங்கனுக்கு 102. மூன்றாம் சுற்றில் லிங்கனே தெரிவானார். நவம்பரில் ஜனாதிபதியும் ஆனார்.

நான்கு வருடங்களின் பின் நிலைமை வேறு. உள்நாட்டுப் போர் முடிவில்லாமல் நீண்டது. சனம் களைத்துப் போயிருந்தது. 1864 ஓகஸ்ட் 22 இல் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் ஹென்றி றேமண்ட், காற்று எமக்கு எதிராக வீசுகிறது என்று லிங்கனுக்கு எழுதினார். போரில் வெற்றி இல்லாததும், அடிமை முறையை ஒழிக்கும் வரை சமாதானம் வராது என்று மக்கள் எண்ணுவதுமே காரணம் என்றார். தென்பகுதியுடன் பேச ஒரு குழுவை அனுப்பும்படியும் ஆலோசனை சொன்னார். லிங்கன் யோசித்துப் பார்த்து அதைக் கைவிட்டார்.

மறுநாள் அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். இந்த அரசு மீண்டும் தெரிவாகாது என்றே தோன்றுகிறது. அப்படியானால் புதிதாகத் தெரிவாகிறவருடன் ஒத்துழைத்து, அவர் பதவி ஏற்பதற்கு முன்பே நாட்டைப் பிளவில் இருந்து காப்பது தமது கடமை என்று அதில் இருந்தது. கடதாசியை மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே மந்திரிமாரிடம் பின்புறத்தில் கையெழுத்து வாங்கினார்.

செப்டம்பர் 2 இல் அற்லாண்டா நகரம் வடபகுதிப் படைகளிடம் வீழ்ந்தது. காற்றும் திசை மாறியது. நவம்பர் 8 இல் நடந்த தேர்தலில் தேர்வாளர் வாக்குகள் லிங்கனுக்கு 212, எதிர்த்து நின்ற தளபதி மக்கிளெல்லனுக்கு 21. படையினரிலும் பெரும்பாலோர் லிங்கனுக்கே வாக்களித்தனர். நவம்பர் 11 இல்தான் அந்தக் கடதாசியைப் பிரித்து மந்திரிமாருக்கு வாசித்துக் காட்டினார். அடிமை முறையை ஒழிக்கும் சட்டத் திருத்தம் 1865 இல் நிறைவேறியது.

தோற்பது உறுதி என்று நம்பிய வேளையிலும் லிங்கன் தேர்தலைத் தள்ளிப் போடவில்லை. போருக்குப் பயந்து தேர்தலை நிறுத்தினால், எதிரி எம்மை ஏற்கனவே வென்றுவிட்டான் என்றே பொருள் என்று பின்னர் பேசினார். கதிரையை விட்டு இறங்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்த ஆட்சியாளர்கள் எத்தனை பேர்? எமது அனுபவத்தில் நாம் கண்டது குறைவு.

வந்த நாட்டில் எமக்கும் ஒரு நாள் வாக்குரிமை கிடைக்கும். வேலை முடிந்து வந்த களைப்பில் வாக்குச் சீட்டை மூலையில் போட்டுவிட வேண்டாம். வேட்பாளர் வென்றால் என்ன தருவார் என்று கேட்கும்போது, தோற்றால் எப்படி நடப்பார் என்பதையும் நாம் யோசிப்போம்.