பாறைக் கடற்கரையை யார் வரைவது?

"சிறுமி கடற்கரையில் ஓடினாள்" என்று கதாசிரியர் எழுதிவிட்டுப் போய்விடலாம். எந்தக் கடற்கரை என்ற கேள்வி ஓவியர் தலையில் விழுகிறது. சென்னையிலேயே மெரினா என்றால் அகலமான மணல். திருவொற்றியூர் என்றால் கடல் அரிப்புக்குக் கொட்டிய கருங்கற்கள்; அவற்றின் மேல் தாவப் பழகிய பிள்ளைகள். காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். எண்ணூர் என்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கி வந்தே ஆக வேண்டும்.

நம் பிள்ளைகளின் புத்தகங்களில் பெரும்பாலும் வருவது நீலக் கடல், மஞ்சள் மணல், ஒரு தென்னை மரம்.

சிறார் நூல் ஓவியம் என்றதும் எல்லோரும் வண்ணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஓவியரின் பாதி நாள் கணக்கில்தான் கழிகிறது. பக்கங்கள் பெரும்பாலும் எட்டின் மடங்கு: 16, 24, 32. கதையை அந்தப் பக்கங்களுக்குள் பிரித்து, தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் கிறுக்கி, பிறகு பென்சிலில் பெரிதாக்கி, ஒப்புதல் வந்த பிறகே வண்ணம். பின் அடிக்கும் நடுமடிப்பில் யாருடைய முகமும் சிக்கக் கூடாது. ஒரே புத்தகம் பல மொழிகளில் அச்சாகும்போது கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் செலவு குறையும். எனவே எழுத்து கறுப்பாகவும் அதன் அடியில் வெளிர்நிறமாகவும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் அடங்குவது தமிழில் மூன்றாவது வரிக்கு இறங்கும், அதற்கும் இடம் வேண்டும். அப்படி விட்ட இடம்தான் பல புத்தகங்களில் வானமாகிறது!

இத்தனை வேலைக்கும் மொத்தமாக ஒரு தொகை பேசப்படுகிறது. நேரில் போய்ப் பார்த்து வரும் நாள்கள் அந்தத் தொகையில் சேருவதில்லை. கோளாறு தொடங்குவது இங்கேதான்.

எண்ணூர் முகத்துவாரத்தில் இருளர்கள் இறால் பிடிப்பதை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் இறங்கி, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் தடவிப் பிடிக்கிறார்கள். நேரில் பார்க்காத ஓவியர் அவர்கள் கையில் வலையைக் கொடுத்துவிடுவார். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோது அதே முகத்துவாரத்தில் கூழைக்கடாக்களின் இறகு கறுத்தது. அங்குள்ள பிள்ளைகளுக்கு அது கண்ணால் கண்ட சேதி. அவர்கள் கைக்கு வரும் புத்தகத்தில் கூழைக்கடா எப்போதும் வெள்ளை.

பார்ப்பதற்கும் சேர்த்துச் சம்பளம் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. வேதாளத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் என்கிற கே.சி.சிவசங்கரன் 1924இல் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்தவர். சென்னைக்கு வந்து படித்தது முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில். அங்கிருந்து தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையிலிருந்த ஓவியப் பள்ளி, 1946இல் கலைமகள், 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமா. 1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அந்த இதழில் ஓவியர்கள் மாதச் சம்பளக்காரர்கள். பல பத்தாண்டுகள் ஒரே மேசையில் வரைந்ததால்தான் அவருடைய கோட்டை மதிலுக்கும் மரத்தின் வேருக்கும் அத்தனை நுணுக்கம் வந்தது. 2020இல் 96 வயதில் மறைந்தார். மறு ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் சிறார் இலக்கியத்துக்கு சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கும் பால சாகித்திய விருது இன்றும் எழுத்தாளருக்கு மட்டும்தான்.

சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்தது. உலகப் பெயர் பெற்ற தாரா பதிப்பகம் இருப்பது திருவான்மியூரில். சென்னையின் தூரிகை தெற்கே குடியேறிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் வடசென்னையில், 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. சரக்கு ரயில், கன்டெய்னர் லாரி, துறைமுக கிரேன் என்று ஒரு குழந்தை வாய்பிளந்து பார்க்கும் அத்தனையும் வடக்கே கிடக்கிறது.

மலிவு விலைப் புத்தகத்தில் பயணச் செலவு கட்டுப்படியாகாது என்று பதிப்புத் துறையில் சொல்கிறார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் கட்டளையிட்டால் நொடியில் படம் போட்டுத் தரும் மென்பொருள் இப்போது வந்துவிட்டது. ஏற்கெனவே குவிந்து கிடக்கும் படங்களிலிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது. அந்தக் குவியலில் திருவொற்றியூரின் கல் எத்தனை, தென்னை மரம் எத்தனை? 2023இல் தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்குச் சிறு புத்தகங்களைக் கொண்டுபோனது. புதிய வாசகர்கள் உருவாகும் இந்த நேரத்தில் அவர்கள் தெருவைப் பார்க்காமலே வரைந்து நீட்டுவது அநியாயம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகுகள் நிற்கும்; வலை சீராக்குவதும் பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் அப்போதுதான். பள்ளி விடுமுறையும் கூடவே வருகிறது. ஒப்பந்தத்தில் மூன்று நாள் படியும் பேருந்துக் கட்டணமும் சேர்த்து எழுதினால், ஓவியர் ஸ்கெட்ச் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து, அங்கு விளையாடும் பிள்ளைகளிடமே எந்தப் படகுக்கு என்ன பெயர் என்று கேட்டு வரைந்து வரலாம்.