துன்பமும் விசுவாச உறுதியும்: உரோமர் 5:3–4 தமிழாக்கத்தில் எழும் சொற்பொருட் சிக்கல்கள்

1. முன்னுரை

துன்பம் விசுவாசத்தை உறுதிப்படுத்தி ஆழப்படுத்துகிறது என்பது கிறித்தவ மறையின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. புதிய ஏற்பாட்டின் பல பகுதிகளில் இக்கருத்து காணப்படினும், பவுல் ஏறத்தாழக் கி.பி. 57இல் உரோமை நகரக் கிறித்தவர்களுக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அது ஒரு சொற்சங்கிலியாகவே அமைந்துள்ளது. த்லிப்சிஸ், ஹுப்பொமொனே, தொக்கிமே, எல்பிஸ் என்னும் நான்கு கிரேக்கப் பெயர்ச்சொற்கள் அச்சங்கிலியின் கண்ணிகள் ஆகும். முதற்சொல் இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும், மூன்றாவது நான்காவதற்கும் வழிகோலுகின்றன. ஒரு கண்ணியின் பொருள் மாறினும் கருத்து முழுவதும் திசைமாறிவிடும்.

இக்கருத்து எழுதியவரின் வாழ்வோடு பிணைந்தது. ஐந்துமுறை சாட்டையடியும் மும்முறை கோலடியும் பட்டதையும், ஒருமுறை கல்லெறியுண்டதையும், மும்முறை கப்பற்சேதத்தில் சிக்கியதையும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பட்டியலிடுகிறார். அதனைத் தமிழாக்கியவர் வாழ்விலும் துன்பத்திற்குக் குறைவில்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழில் முதன்முதலாக முழுமையாக அச்சேற்றிய சீகன்பால்கு 1708இல் தரங்கம்பாடியில் மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில் அங்கிருந்த தேனிய ஆளுநரால் சிறையிலடைக்கப்பட்டு, சுமார் நான்கு திங்கள் சிறையிலிருந்தார். விடுதலைக்குப் பின் பணியைத் தொடர்ந்து முடித்தார். நூல் 1714–15இல் அச்சாகி வெளிவந்தது.

மேற்கூறிய நான்கு சொற்களும் தமிழில் பெற்ற வடிவங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871இல் வெளிவந்த பெயர்ப்பும், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பும் இங்கு ஒப்பிடப்படுகின்றன. இவை முறையே பழைய பெயர்ப்பு எனவும் பொதுப் பெயர்ப்பு எனவும் சுட்டப்படும்.

2. மூலச்சொற்களும் அவற்றின் பெயர்ப்பும்

த்லிப்சிஸ் என்பது 'நெருக்கு, அழுத்து' எனப் பொருள்படும் வினையடியிலிருந்து பிறந்த பெயர். ஹுப்பொமொனே என்பது 'கீழ்' என்னும் முன்னொட்டும் 'நிலைத்திரு' என்னும் வினையும் சேர்ந்த கூட்டுச்சொல்; பாரத்தின் கீழ் நிலைபெயராது நிற்றலைக் குறிப்பது. தொக்கிமே என்பது நாணயமும் உலோகமும் சோதித்து ஏற்கப்பட்ட நிலையைச் சுட்டும் பெயரடையோடு தொடர்புடையது. எல்பிஸ் என்பது வரவிருப்பதை எதிர்பார்த்திருத்தல்.

இந்நான்கினையும் பழைய பெயர்ப்பு உபத்திரவம், பொறுமை, பரீட்சை, நம்பிக்கை எனவும், பொதுப் பெயர்ப்பு துன்பம், மன உறுதி, தகைமை, எதிர்நோக்கு எனவும் பெயர்க்கின்றன. நான்கில் ஒன்றேனும் பொதுவாக அமையாமை கருதத்தக்கது.

முதற்சொல்லைப் பொறுத்தவரை, உபத்திரவம் என்பது எழுத்து வழக்கில் கொடுந்துன்பத்தைக் குறிப்பினும், இன்றைய பேச்சு வழக்கில் 'தொல்லை' என்னும் அளவிற்கு வலுக்குன்றியுள்ளது. 'உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதே' என்பதில் அதனைக் காணலாம். துன்பம் என்பது வலுக்குன்றாத சொல். எனினும் புறத்திலிருந்து நெருக்கும் அழுத்தம் என்னும் மூலப்பொருள் அதில் இல்லை. 'நெருக்கடி' என்னும் வழக்குச்சொல் அடிப்பொருளால் மூலத்திற்கு அணித்தாயினும், இன்று அரசியல், பொருளியல் சார்ந்த பொருளையே முதலில் நினைவூட்டுகிறது.

3. பொறுமையும் மனவுறுதியும்

கிரேக்கத்தில் பொறுத்தல் தொடர்பான சொற்கள் இரண்டு. மக்ரொத்தூமியா என்பது பெரும்பாலும் பிறர் செய்யும் தீங்கிற்கு விரைந்து சினவாதிருத்தலைக் குறிக்கும். ஹுப்பொமொனே பெரும்பாலும் இன்னல் நேர்ந்தவிடத்து நிலைகுலையாமையைக் குறிக்கும். பழைய பெயர்ப்பு முன்னதை 'நீடிய பொறுமை' எனவும் பின்னதைப் 'பொறுமை' எனவும் பெயர்த்தமையால், இருவேறு பண்புகள் ஒரே பண்பின் இரண்டு அளவுகளாகத் தோற்றமளிக்கின்றன. பொதுப் பெயர்ப்பு முன்னதைப் பொறுமை எனவும் பின்னதை மனவுறுதி எனவும் பிரித்துக்காட்டுகிறது.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. திருக்குறள் 'பொறையுடைமை'யை 16ஆம் அதிகாரத்திலும், 'இடுக்கண் அழியாமை'யை 63ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்துள்ளது. முன்னது இழைக்கப்பட்ட தீங்கைப் பொறுத்தல். பின்னது வந்த இடுக்கணால் உள்ளம் அழியாதிருத்தல். ஹுப்பொமொனேயின் தமிழ் இணை முதல் அதிகாரத்தில் அன்று, இரண்டாவதில்தான் உள்ளது எனலாம்.

வேறுபாடு எத்தகைய விளைவுடையது என்பதை யோபுவின் வரலாறு விளக்கும். யாக்கோபு தம் திருமுகத்தில் (5:11) யோபுவை ஹுப்பொமொனேக்குச் சான்றாகக் காட்டுகிறார். பழைய பெயர்ப்பின் வழி 'யோபுவின் பொறுமை' தமிழ்க் கிறித்தவரிடையே மரபுத்தொடராயிற்று. ஆயின் யோபு நூலின் பெரும்பகுதியில் அவன் வாய்திறவாது பொறுத்திருப்பவன் அல்லன். தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், நண்பர்களின் விளக்கங்களை மறுக்கிறான், இறைவனோடே வழக்காடுகிறான். ஆனால் இறைவனை விட்டு விலகவில்லை. விலகாது நின்று வழக்காடுதலே அவனது ஹுப்பொமொனே. பொறுமை என்னும் சொல் அமைதியை அவன்மேல் ஏற்றி, முறையீட்டை மறைத்துவிடுகிறது.

யோபுவின் கதை தமிழர் வாழும் தென்கோடியில் ஒருவரது வாழ்க்கையையே மாற்றியது. 1741இல் குளச்சற் போரில் பிடிபட்டுப் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவரான டி லனாய், பொருளிழப்பால் உளம் நொந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது மரபுச்செய்தி. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அவருக்கு, 'இறைவன் உதவினார்' எனப் பொருள்படும் லாசரு என்னும் எபிரெயப் பெயரின் தமிழாக்கமாகத் தேவசகாயம் என்னும் பெயர் இடப்பட்டது. சிறையும் வதையும் பட்டு 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் கொல்லப்பட்டார். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. துன்பத்திற்கு முன் கேட்ட கதை, துன்பத்தின் நடுவே நிற்கும் வலிமையாயிற்று. இதனைப் பொறுமை என்னும் ஒரு சொல்லால் மட்டும் குறித்தல் போதாது.

4. பரீட்சையும் தகைமையும்

தொக்கிமே என்னும் சொல்லே இச்சங்கிலியில் பெயர்ப்பாளரை மிகுதியும் சோதிப்பது. சோதிக்கும் செயலையும் அச்சொல் குறிக்கக்கூடும். சோதனையில் தேறியதால் வெளிப்பட்ட தன்மையையும் குறிக்கக்கூடும். இவ்விடத்தில் பின்னதே பொருந்தும். நெருக்கத்தின் கீழ் நிலைத்து நின்றவரிடம் அடுத்து வருவது மற்றொரு சோதனை அன்று. அவர் சோதித்து ஏற்கப்பட்டவர் என்னும் தகுதியே.

பழைய பெயர்ப்பாளர் இதனை அறியாதவர் அல்லர். பிலிப்பியர் 2:22இல் தீமொத்தேயுவைப் பற்றி வரும் இதே கிரேக்கப் பெயரை அவர்கள் 'உத்தமகுணம்' எனப் பெயர்த்துள்ளனர். உரோமர் 5:4இல் மட்டும் செயலைக் குறிக்கும் பரீட்சை இடம்பெறுகிறது. அக்காலத்தில் இச்சொல்லுக்குப் பொருளின் தரம் ஆய்தல் என்னும் பொருளும் இருந்தது. மணிகளை ஆயும் கலை இரத்தினப் பரீட்சை எனப்பட்டது. பின்னர்ப் பள்ளிக்கல்வி பரவியபோது சொல் வினாத்தாளோடு பிணைந்தது. இன்றைய வாசகர் உள்ளத்தில் இறைவன் தேர்வாளராகவும், துன்புறுபவர் மாணவராகவும், தளர்ந்தவர் தோற்றவராகவும் தோன்ற இது இடமளிக்கிறது. பெயர்ப்பு மாறாதிருக்க, மொழி மாறியதால் நேர்ந்த பொருள் விலகல் இது.

தகைமை என்னும் பொதுப் பெயர்ப்பின் சொல் விளைவுப் பொருளை மீட்டுத்தருகிறது. ஆயினும் சோதிக்கப்பட்டது என்னும் கூறு அதில் இல்லை. பிறப்பாலோ கல்வியாலோ வந்த தகுதியையும் அது குறிக்கலாம். இரு கூறுகளையும் ஒருங்கே உணர்த்தும் சொல் பொற்கொல்லரிடம் உண்டு. உரைகல்லில் உரைத்து அறியப்படும் பொன்னின் தரத்தை அவர்கள் 'மாற்று' என்பர். பேதுருவின் முதல் திருமுகம் (1:7) விசுவாசத்தை நெருப்பிற் சோதிக்கப்படும் பொன்னோடு ஒப்பிடுவதால் இவ்வுருவகம் மூலத்திற்கு அயலானதும் அன்று. ஆயின் 'மாற்றுக் கருத்து' போன்ற தொடர்களால் இச்சொல் இன்று வேறு பொருளையே முதலில் தருகிறது. எனவே பாடத்தில் இடம்பெறல் அரிதாயினும், விளக்கவுரையில் எடுத்தாளத் தக்கது.

5. இடம்பெயர்ந்த 'நம்பிக்கை'

பழைய பெயர்ப்பில் பிஸ்டிஸ் விசுவாசம் எனவும், எல்பிஸ் நம்பிக்கை எனவும் பெயர்க்கப்படுகின்றன. பொதுப் பெயர்ப்பிலோ பிஸ்டிஸ் நம்பிக்கை எனவும், எல்பிஸ் எதிர்நோக்கு எனவும் வருகின்றன. ஒரே தமிழ்ச்சொல் ஒரு பெயர்ப்பில் சங்கிலியின் முடிவைக் குறிக்கிறது. மற்றதில் சங்கிலிக்கு முன் நிற்பதைக் குறிக்கிறது.

இதனால் நேரும் குழப்பம் சிறிதன்று. பொதுத்தமிழில் நம்பிக்கை என்பது பற்றுறுதி, எதிர்பார்ப்பு ஆகிய இரண்டையும் தழுவும். ஆகவே பழைய பெயர்ப்பைக் கேட்பவர், துன்பம் இறுதியில் விசுவாசத்தைத் தோற்றுவிக்கிறது எனக் கொள்ள நேரிடும். பவுலின் வாதம் அதுவன்று. ஐந்தாம் அதிகாரத்தின் முதல் வசனம் விசுவாசத்திலிருந்தே தொடங்குகிறது. முன்னமே உள்ள விசுவாசம் நெருக்கத்தின் வழியே சென்று, எதிர்நோக்காக விரிகிறது. துன்பம் விசுவாசத்தின் வித்து அன்று. வித்து ஊன்றிய நிலத்தின்மேல் வீசும் வெயில் எனலாம்.

6. வினைச்சொல்லும் காரணப்பொருளும்

பெயர்ச்சொற்களை இணைக்கும் வினையும் நோக்கத்தக்கது. பழைய பெயர்ப்பு 'உண்டாக்கு' என்னும் பிறவினையை ஆள்கிறது; அதனால் துன்பம் எழுவாயாகி வினைமுதல் நிலை பெறுகிறது. பொதுப் பெயர்ப்பு 'ஆல்' உருபோடு 'விளை' என்னும் தன்வினையை ஆள்கிறது. அதனால் துன்பம் ஏதுவாக நிற்க, மனவுறுதி எழுவாய் ஆகிறது. மூலத்தின் வினை செயப்படுபொருள் குன்றாதது ஆதலின் இலக்கண அமைப்பில் பழைய பெயர்ப்பே நெருக்கமானது. எனினும் துன்பத்திற்கே ஆக்கும் ஆற்றல் உண்டு எனக் கொள்ளாதவாறு காப்பது பொதுப் பெயர்ப்பு.

அக்காப்பு ஏன் வேண்டும் என்பதை மத்தேயு 13:21 உணர்த்தும். விதைப்பவன் உவமையில், பாறை நிலத்து விதை வேரின்மையால் த்லிப்சிஸ் வந்தவுடன் வீழ்கிறது. உரோமர் திருமுகத்தில் மனவுறுதிக்கு வழிகோலும் அதே சொல் இங்கு வீழ்ச்சிக்கு வாயிலாகிறது. வேறுபாடு துன்பத்தில் இல்லை, வேரில் உள்ளது. பவுலும் தம் சங்கிலியைத் துன்பத்தின் ஆற்றலால் அன்றி, உள்ளத்தில் பொழியப்பட்ட இறையன்பினாலேயே (5:5) நிலைநாட்டுகிறார்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், துன்பம் விசுவாசத்தை ஆழப்படுத்தும் என்னும் கருத்து மூலத்தில் நிபந்தனையுடன் கூடியது என்பது பெறப்படும். விசுவாசம் முன்னிற்க வேண்டும். துன்புறுபவர் நிலைபெயராது நிற்க வேண்டும். அவ்வாறு நின்றவரின் தரம் வெளிப்பட, அதனின்று எதிர்நோக்கு பிறக்கும். பொறுமை, பரீட்சை, உண்டாக்குதல் என்னும் சொற்கள் இன்று பெற்றுள்ள பொருளில் ஒருங்கு சேரும்போது, வாய்மூடிப் பொறுப்பவருக்குத் துன்பமே நன்மை தரும் என்னும் வேறொரு கருத்து உருவாகிறது.

இவ்வசனம் பெரும்பாலும் படிக்கப்படும் இடம் நோயாளியின் படுக்கையருகும் துக்கவீடும் ஆகும். அங்கே முறையிடுபவரைப் பொறுமையற்றவர் என்பதும், தளர்ந்தவரைப் பரீட்சையில் தோற்றவர் என்பதும் மூலநூல் கூறாதவை. பழைய பெயர்ப்பு தலைமுறைகளின் வழிபாட்டில் ஊறியது. அதனைக் கைவிடுக என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அச்சொற்களின் இன்றைய பொருளுக்கும் அன்றைய பொருளுக்கும் உள்ள தொலைவை விளக்கவுரையும் அடிக்குறிப்பும் ஈடுசெய்தல் வேண்டும். இனிவரும் திருப்புதல்களில் செயலைக் குறிக்கும் பெயரையும் விளைவைக் குறிக்கும் பெயரையும் பிரித்தறிந்து ஆளுதல் பெயர்ப்பாளரின் கடமையாகும்.