வெளியேறும் வழி எங்கே?
கட்டடத் திட்டமிடல் தேர்வும் டாக்குரியா கற்பித்த பாடமும்

தென் கொல்கத்தாவில், இரவீந்திர சரோவர் ஏரியை ஒட்டி அமைந்திருக்கும் குடியிருப்புப் பகுதி டாக்குரியா. ஏரிக்கு அப்பால் உள்ள லேக் மார்க்கெட் வட்டாரம், கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பல தலைமுறைகளாகப் பழக்கமான இடம். அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் டாக்குரியாவின் பெயரை 2011ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நாடு முழுவதும் துயரத்துடன் உச்சரித்தது.

அன்று விடியுமுன், அங்கிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றின் நிலத்தடித் தளத்தில் தீப்பற்றியது. தீயைவிடக் கொடியதாக இருந்தது புகை. அது மேல் தளங்களுக்குப் பரவி, படுக்கையைவிட்டு எழ இயலாத நோயாளிகளை மூச்சுத்திணற வைத்தது. கண்ணாடியால் மூடப்பட்ட வெளிச்சுவரின் வழியே புகை வெளியேற இயலவில்லை. மீட்புப் பணியாளர்கள் கண்ணாடிகளை உடைத்தே உள்ளே சென்றனர். சுமார் 90 பேர் உயிரிழந்தனர். அருகிலிருந்த குடிசைப் பகுதி மக்கள் முதலில் ஓடிவந்து உதவினர். கேரளத்திலிருந்து வந்து பணியாற்றிய இளம் செவிலியர் இருவர், நோயாளிகளைக் காப்பாற்றும் முயற்சியில் தம் உயிரை ஈந்தனர். வாகனம் நிறுத்துவதற்கென ஒதுக்கப்பட்ட நிலத்தடித் தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் சேமிக்கப்பட்டிருந்ததாக அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர்.

கட்டடக் கலையைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர் ஒவ்வொருவரும் இந்நிகழ்வை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில், அவர்கள் எழுதவிருக்கும் உரிமத் தேர்வின் மையக் கேள்வி இதுதான்: ஒரு கட்டடத்தின் பல்வேறு உறுப்புகளையும் ஒன்றோடொன்று இணைத்துச் சிந்திக்க உமக்குத் தெரியுமா?

தேர்வு எத்தகையது?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட ஐந்தாண்டுப் பட்டம் பெற்றவர் கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு தொழில் செய்யலாம். ‘நாட்டா’ என்பது கல்லூரியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வேயன்றி, உரிமத் தேர்வன்று.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. அங்கு உரிமம் பெற விரும்புவோர் கல்வித் தகுதியுடன், 3,740 மணி நேரப் பணி அனுபவத்தைப் பதிவு செய்து, ‘ஏ.ஆர்.இ.’ எனப்படும் தேர்வின் ஆறு பகுதிகளிலும் வெற்றி பெறுவதே பொதுவான வழி. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் சற்று மாறும். அங்குப் பணியாற்றும் நம் நாட்டுப் பட்டதாரிகள் முதலில் தம் பட்டத்தை மதிப்பீட்டுக்கு உட்படுத்த வேண்டியிருக்கும். ஆறு பகுதிகளையும் எந்த வரிசையிலும் எழுதலாம். அவற்றுள் பலரும் அஞ்சுவது ‘திட்டமிடலும் வடிவமைப்பும்’ என்ற பகுதி.

இப்போதைய அமைப்பின்படி இப்பகுதியில் 100 வினாக்கள். நேரம் 4 மணி 5 நிமிடம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. சூழலும் இடமும் 10 முதல் 16 விழுக்காடு. சட்டவிதிகள் 16 முதல் 22. கட்டட அமைப்புகளும் பொருள்களும் 19 முதல் 25. இவை அனைத்தையும் ஒருங்கிணைத்தல் 32 முதல் 38. செலவும் வரவு செலவுத் திட்டமும் 8 முதல் 14. ஒருங்கிணைத்தலுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். தனித்தனியாக மனப்பாடம் செய்தவர் இடறுவது இங்கேதான்.

டாக்குரியாவைப் பாடநூலாக்குவோம்

முதலில் நிலம். 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை, சதுப்பும் புதரும் நிறைந்த நிலத்தைக் கையகப்படுத்தி டாக்குரியா ஏரியை வெட்டியது. தோண்டிய மண் அக்கம்பக்கத்து நிலங்களையும் சாலைகளையும் மேடாக்கப் பயன்பட்டது. 1958இல் அந்த ஏரி இரவீந்திர சரோவர் என்ற பெயர் பெற்றது. இத்தகைய இடத்தில் கட்டுபவர் மண்ணின் தாங்குதிறனையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் மழைக்கால வடிகாலையும் ஆராயாமல் நிலத்தடித் தளம் ஒன்றைத் திட்டமிட முடியுமா? தேர்வின் முதற்பிரிவு கேட்பது இதைத்தான்.

அடுத்து, சட்டவிதி. மருத்துவமனையில் இருப்போர் பிறர் துணையின்றி வெளியேற இயலாதவர். ஆகவே, படுக்கையிலுள்ள நோயாளிகளைப் படிக்கட்டு வழியே இறக்குவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். முதலில், அவர்களை அதே தளத்தில் புகை புகாத அடுத்த பகுதிக்குப் படுக்கையோடு நகர்த்த இயல வேண்டும். இதற்காகவே அமெரிக்கக் கட்டட விதிகள் இத்தகைய தளங்களைப் புகைத்தடுப்புச் சுவர்களால் குறைந்தது இரண்டாகப் பிரிக்கச் சொல்கின்றன. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட நெறிமுறையின் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பைப் பற்றியது. அந்நெறிமுறை மருத்துவமனையை ‘சி’ பிரிவில் வைத்து, அதன் படிக்கட்டு குறைந்தது 2 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது.

மூன்றாவதாக ஒருங்கிணைப்பு. வாகன நிறுத்தமாக வரையப்பட்ட ஒரு நிலத்தடித் தளம் கிடங்காக மாறுகிறது எனக் கொள்வோம். மாறுவது பயன்பாடு மட்டுமா? தீ எரியக் கூடிய பொருளின் அளவு மாறுகிறது. பிரிவுச் சுவர்களின் தீத்தாங்கும் நேரம், தானியங்கி நீர்த்தெளிப்பான்களின் அமைப்பு, காற்றோட்டக் குழாய்களில் அமைய வேண்டிய புகைத்தடுப்பு, கம்பிக்குழாய்கள் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களின் அடைப்பு, இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு ஆகிய யாவும் மாறுகின்றன. ஒரு சொல்லை மாற்றினால் ஐந்து வரைபடங்களைத் திருத்த வேண்டும். இதை உணர்ந்தவரே இப்பகுதியில் வெல்வார்.

ஒரு கணக்கு

எளிய எடுத்துக்காட்டு ஒன்று. 3,000 சதுர அடி உணவுக் கூடம். மேசை நாற்காலி போட்டு அமர்வதற்கு அமெரிக்க விதிப்படி ஒருவருக்கு 15 சதுர அடி. ஆகவே 200 பேர். கதவு வழியே வெளியேற ஒருவருக்கு 0.2 அங்குலம் எனக் கொண்டால், மொத்தத் தேவை 40 அங்குலம். அகலமான ஒரே கதவு வைத்துவிட்டால் போதுமா? போதாது. இத்தனை பேர் கூடும் இடத்தில் குறைந்தது இரண்டு வாயில்கள் வேண்டும். அவை ஒன்றுக்கொன்று விலகி இருக்க வேண்டும். கதவுகள் வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். கணக்கு ஓர் எண்ணைத் தந்தது. விதியின் நோக்கம்தான் விடையைத் தந்தது. நம் ஊர்த் திருமண மண்டபங்களில் பந்திக்கு அமரும்போது, அடுத்த முறை இந்தக் கண்ணோடு வாயில்களை எண்ணிப் பாருங்கள்.

ஆயத்தம் செய்வது எப்படி?

பணிக்குச் சென்றுகொண்டே படிப்பவருக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரங்கள் ஒதுக்குவது நல்லது. முதல் வாரத்தில் தேர்வு அமைப்பு இலவசமாக வெளியிடும் வழிகாட்டியை முழுமையாகப் படித்துவிட வேண்டும். அடுத்த ஏழு வாரங்களில் ஐந்து பிரிவுகளையும் அவற்றின் விழுக்காட்டுக்கு ஏற்பப் பங்கிட்டுக் கொள்ளலாம். பிரான்சிஸ் சிங்கின் படவிளக்க நூல்கள் விதியையும் கட்டுமானத்தையும் கண்முன் நிறுத்துவன. எஞ்சிய வாரங்கள் மாதிரித் தேர்வுகளுக்கே. தவறிய ஒவ்வொரு வினாவின் எதிரிலும், அறியாமையால் தவறியதா, இணைத்துப் பார்க்காததால் தவறியதா என எழுதிவையுங்கள்.

நம் நாட்டில் பயின்றவர்கள் அடி, அங்குல அளவுகளுக்குக் கையைப் பழக்கிக் கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை ஏதேனும் ஒரு பொதுக் கட்டடத்துக்குச் சென்று, வெளியேறும் வழிகளை நினைவிலிருந்து வரைந்து பழகுவது எந்த நூலும் தராத பயிற்சி.

தோல்வி கண்டால் மனம் தளர வேண்டியதில்லை. 60 நாள்களுக்குப் பின் அதே பகுதியை மீண்டும் எழுதலாம்; பன்னிரண்டு மாதங்களில் மூன்று முறை வரை வாய்ப்புண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டணத்தைப் புதிதாகச் செலுத்த வேண்டும். ஆறு பகுதிகளுடன் ஓரிரு மறுதேர்வுகளுக்கும் முன்கூட்டியே ஒரு தொகையைச் சேர்த்து வைப்பது அறிவுடைமை. இந்தியாவிலிருந்து டாலரில் கட்டணம் செலுத்துவோர், தம் வங்கி அட்டையில் பன்னாட்டுப் பரிவர்த்தனை வசதி இயக்கப்பட்டுள்ளதா என்பதைப் பதிவுக்கு முன்பே உறுதிசெய்து கொள்ளலாம்.

வீடு வாங்குவோருக்கும் ஒரு பாடம்

தேர்வு எழுதாத வாசகருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழகம் மறக்கவில்லை. அதன் பின்னும் நாம் வீடு வாங்கும்போது முகப்பையும் சமையலறையையும் பார்க்கிறோமேயன்றி, படிக்கட்டைப் பார்ப்பதில்லை. கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். நிலத்தடித் தளம் வரைபடத்தில் உள்ளபடியே பயன்படுகிறதா? படிக்கட்டுகளில் பழைய பொருள்கள் குவிந்துள்ளனவா? கட்டுமான நிறைவுச் சான்றிதழ் உள்ளதா? இவற்றைக் கேட்பது நம் உரிமை. சொத்தின் மதிப்பைக் காப்பதும் அதுவே.

வரைபடத்தில் காட்டும் வெளியேறும் வழி, கட்டடம் நிற்கும் காலம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். அதை வரையக் கற்பவருக்குத் தேர்வு ஒரு நாள்தான். அங்கு வாழ்பவர் அதன் பயனை நாடும் நாள் எது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. தேர்வுக்கு அமரும் இளைஞர்களுக்கு நம் வாழ்த்துகள்.