அளந்தறிந்து அகழ்தல்: திருகோணமலை மாவட்டத்தின் சிறுகனிமங்கள்

நிலாவெளி என்றதும் வெண்மணற் பரப்பும் அதனையடுத்த நீலக்கடலுமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இவ்வூர், ஒருபுறம் கடலுக்கும் மறுபுறம் களப்புக்கும் இடையே ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்தில் அமைந்துள்ளது. இங்கு வாழ்வோருக்கு மணல் வெறும் காட்சிப்பொருள் அன்று. அவர்களது கிணற்று நன்னீரைத் தேக்கி வைத்திருப்பது மணல். வள்ளங்களை இழுத்து நிறுத்துவது மணலின்மீது. வீடு கட்டுவதற்கு வேண்டுவதும் மணலே. ஒரே பொருள் இத்தனை தேவைகளுக்கு ஆதாரமாக இருக்கும்போது, அதில் எவ்வளவை அகழலாம், எங்கே அகழலாம், அதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடைகாண முற்படும் எவரும் முதலிற் செய்யவேண்டியது மாவட்டத்தின் கனிமங்களை அளந்தறிவதாகும். அவ்வளவை எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதைத் திருகோணமலை மாவட்டத்தை உதாரணமாகக் கொண்டு விளக்குவதே எமது நோக்கமாகும்.

சிறுகனிமம் என்பது யாது?

'சிறுகனிமம்' என்பது சட்ட வழக்கிலிருந்து வந்த சொல். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் கட்டடக்கல், சரளை, சாதாரண களிமண், சாதாரண மணல் ஆகியவற்றை இப்பெயரால் வகுத்து, அவை தொடர்பான விதிகளை ஆக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்கிற்று. தமிழ்நாட்டிற் சிறுகனிமச் சலுகை விதிகள் 1959 முதல் நடைமுறையில் உள்ளன. இலங்கையின் 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்கீழான நடைமுறையோ இவ்வாறு பொருளை வைத்துப் பாகுபடுத்தாது, அகழ்வின் அளவையும் முறையையும் வைத்து அநுமதிப்பத்திரங்களைத் தரம்பிரிக்கின்றது. எவ்வாறாயினும், திருகோணமலை மாவட்டத்தின் ஆற்றுமணல், கிரவல், கருங்கல், செங்கல் அறுப்பதற்கான களி என்பவை இவ்வகையுள் அடங்குவன எனக் கொள்ளலாம்.

'சிறு' என்ற அடைமொழி கண்டு இவற்றை அற்பமாகக் கருதுதல் தவறு. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 கோடித் தொன் மணலும் சரளையும் பயன்படுத்தப்படுவதாக ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2022இல் மதிப்பிட்டது. நிறையளவில் நோக்கின், நீருக்கு அடுத்தபடியாக மனிதகுலம் மிகுதியாகப் பயன்படுத்தும் இயற்கைப்பொருள் இதுவே. பாலைவன மணல் காற்றினால் உருட்டப்பட்டு மழமழப்பாக இருத்தலால் சீமெந்துக் கலவைக்குப் பெரும்பாலும் ஏற்றதன்று. ஆகவேதான் ஆறுகளின்மீது இத்தனை நெருக்குதல் ஏற்படுகின்றது.

முன்னைய அளவைகளின் நோக்கம்

இலங்கையிற் கனிம ஆய்வு புதியதன்று. 1903 தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவையின் முதற் பணிப்பாளராகக் கடமையாற்றியவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராக உலகு போற்றும் அவர் முதலிற் புவிச்சரிதவியலாளராகவே பணிபுரிந்தார். தோரியனைற்று என்னும் அரிய கனிமத்தை ஆராய்ந்து உலகுக்கு அறிமுகப்படுத்தியமை அவருடைய பணிகளுட் குறிப்பிடத்தக்கது.

திருகோணமலை மாவட்டத்தைப் பொறுத்தவரை, நிலாவெளிக்கு வடக்கே குச்சவெளியையும் கடந்து புல்மோட்டையிற் காணப்படும் கனிய மணலே ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. அம்மணலில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதம் இல்மனைற்று. எஞ்சியதில் உரூற்றைல், சிர்க்கோன், சிறிதளவு மொனசைற்று என்பன உண்டு. இதன் பொருட்டு 1957இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. 1992இல் அதன் பணிகளை அரசுக்குச் சொந்தமான கம்பனி ஒன்று பொறுப்பேற்றது. 1971இல், மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள சேருவிலைக்கு அண்மையிற் செம்பும் காந்தவிரும்புத் தாதும் சேர்ந்த படிவொன்று புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தினாற் கண்டறியப்பட்டது.

இவ்வாய்வுகள் யாவும் பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் நோக்கு அரிய கனிமங்களையும் ஏற்றுமதிக்குரிய கனிமங்களையும் கண்டறிவதாகவே அமைந்தது. 'இங்கே என்ன இருக்கின்றது? எவ்வளவு இருக்கின்றது?' என்பவையே அவை எழுப்பிய வினாக்கள். சாதாரண மணலையும் கல்லையும் பொறுத்தவரை இவ்வினாக்கள் போதியனவல்ல. அங்கே முதன்மைபெறும் வினா வேறொன்று: 'அள்ளிய பொருள் மீண்டும் வந்து சேருமா? எத்தனை காலத்தில், எவ்வளவு?'

இருப்பும் வரவும்

ஒரு குடும்பத்தின் செலவைத் தீர்மானிக்கையிற் கையிருப்பை மட்டுமன்றி மாத வருமானத்தையும் நோக்குகின்றோம். கனிமத்துக்கும் இது பொருந்தும். கருங்கல்லைப் பொறுத்தவரை வரவு என ஒன்றில்லை. இப்பகுதியின் படிகப் பாறைகள் பலகோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. உடைத்த குன்று மீண்டும் வளர்வதில்லை. கிரவலும் மனித ஆயுட்காலத்தில் மீள உருவாகும் பொருளன்று. இவற்றில் அகழ்வு முழுவதும் முதலைச் செலவிடுதலேயாகும். எனவே எஞ்சும் குழியை என்ன செய்வது என்பதை அகழுமுன்னரே தீர்மானித்தல் அவசியம்.

ஆற்றுமணலோ வேறுவகையினது. மலைநாட்டுப் பாறைகள் சிதைந்து உண்டாகும் மணலை மகாவலி கங்கை சுமந்து வருகின்றது. 335 கிலோமீற்றர் நீளமான இந்நதி இலங்கையில் மிக நீண்டதாகும். அதன் கீழ்ப்பகுதி கிளைகளாகப் பிரிந்து, ஒரு கிளை மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடையே கொட்டியாரக்குடாவை அடைய, மற்றொன்று வெருகலாறாகத் தெற்கே கடலை நோக்கிச் செல்கின்றது. கரையோரத்தை அடைந்த மணலை வடகீழ்ப் பருவக்காற்றுக் கால அலைகளும் நீரோட்டங்களும் பரப்புகின்றன. இலேசான மணிகளையும் பாரமான மணிகளையும் வெவ்வேறாக ஒதுக்குகின்றன. புல்மோட்டையிற் பாரமான கனிமங்கள் செறிந்து கிடப்பதற்கும் இத்தகைய தொழிற்பாடே காரணம். ஆகவே ஆற்றுமணலும் கடற்கரை மணலும் தனித்தனிப் பொருள்களல்ல; ஒரே ஓட்டத்தின் வெவ்வேறு தங்குமிடங்கள். ஓரிடத்தில் மிகையாக அள்ளினால் வேறிடத்திற் குறை தோன்றும்.

இவ்வோட்டமும் முன்போல் இல்லை. 1976இற் பொல்கொல்லை, 1985இற் கொத்மலை, விக்ரோறியா, 1986இல் இரந்தெனிகலை என மகாவலித் தொகுதியில் அணைகள் எழுந்தன. அவை நீர்ப்பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அளித்த பயன் பெரிது. ஆனால் நீரைத் தடுக்கும் அணை நீரோடு வரும் மணலையும் தடுக்கின்றது. மேலிருந்து வரும் மணல் நீர்த்தேக்கத்தின் அடியிற் படிந்துவிட, கீழ்ப்பகுதிக்குச் செல்வது அணைகளுக்குக் கீழேயுள்ள சிற்றாறுகளும் கரையரிப்பும் தரும் மணலே. கடலை அடைவதிலும் ஒரு பகுதி மீளாது போகக்கூடும். ஏனெனில் திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு கொட்டியாரக்குடாவை அணுகித் தொடங்கி ஆழ்கடல்வரை செல்கின்றது. எனவே, 'ஆறு பெருகினால் மணல் தானே வரும்' என்னும் முன்னோர் அநுபவத்தை இன்று அளந்து பாராமல் ஏற்றுக்கொள்ள இயலாது.

அளக்கும் முறை

வரவை அளப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. ஆற்றின் ஒரு பகுதியைத் தெரிந்து, இரு கரைகளிலும் நிலையான முளைகளை நாட்டி, அவற்றிடையே ஆற்றுப்படுக்கையின் மட்டத்தைக் குறுக்காக அளக்கவேண்டும். பருவமழைக்கு முன்னர் ஒருமுறையும் வெள்ளம் வடிந்தபின் ஒருமுறையும் அளந்தால், படுக்கை எவ்வளவு உயர்ந்தது அல்லது தாழ்ந்தது என்பது தெரியவரும். செய்மதிப் படங்கள் மணற்றிட்டுகளின் பரப்பைக் காட்டும். குழிகள் தோண்டிச் சல்லடையிட்டுப் பார்த்தால் மணலின் தரம் புலப்படும். அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அதே வேளையிற் பதிவு செய்தல் வேண்டும்.

கணக்கை விளக்க ஒரு கற்பனை உதாரணம் கொள்வோம். 200 மீற்றர் நீளமும் 40 மீற்றர் அகலமும் கொண்ட மணற்றிட்டொன்று, ஒரு பருவத்திற் சராசரியாக அரை மீற்றர் உயர்கின்றது எனின், அவ்வாண்டின் வரவு 4,000 கனமீற்றர். இந்தியாவில் 2016இல் வெளியிடப்பட்ட மணல் அகழ்வு வழிகாட்டி, மதிப்பிடப்பட்ட அளவில் நூற்றுக்கு 60 வீதத்தையே அகழத்தக்கதாகக் கொள்கின்றது. அதன்படி நாம் எடுக்கத்தக்கது 2,400 கனமீற்றர். நம் நாட்டு வழக்கில் ஒரு கியூப் என்பது நூறு கன அடி, அதாவது 2.83 கனமீற்றர். ஆகவே இது ஏறத்தாழ 850 கியூப். மூன்று கியூப் ஏற்றும் டிப்பர் வாகனத்தில் இது 280 தடவைக்குச் சற்று மேல். நாளொன்றுக்குப் பத்து டிப்பர் வீதம் ஏற்றினால் நான்கு வாரங்களில் ஓராண்டின் உரிமை தீர்ந்துவிடும். ஐந்தாம் வாரத்திலிருந்து ஏற்றப்படுவது ஆற்றின் முதல். இக்கணக்கைச் செய்வதற்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் படுக்கை அரை மீற்றர் உயர்ந்ததா, கால் மீற்றர் உயர்ந்ததா என்பதை யாராவது ஆண்டுதோறும் அளந்திருக்கவேண்டும்.

சிறு துண்டுகளின் கூட்டுத்தொகை

தனித்தனி அநுமதிப்பத்திரத்தை மட்டும் நோக்குவோருக்குத் தீங்கு புலப்படாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2012 பெப்ரவரி 27இல் தீபக் குமார் எதிர் அரியானா மாநிலம் என்னும் வழக்கில் இதனையே எடுத்துரைத்தது. ஐந்து ஹெக்ரயருக்குக் குறைந்த குத்தகைகள் சுற்றாடல் அநுமதியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தமையால், பெரிய நிலங்கள் சிறு துண்டுகளாகக் கூறுபோடப்பட்டமை அங்கே பிரச்சினையாயிற்று. சிறு குத்தகைகளுக்கும் சுற்றாடல் அநுமதி தேவை என நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016 ஜனவரியில் வெளியான அறிவித்தல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கனிம அளவை அறிக்கை ஆக்கப்படல் வேண்டுமென விதித்தது. அவ்வறிக்கை குத்தகைக்கு முந்தியதாக அமைதல் வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி.

இலங்கையிலும் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி, 10 ஹெக்ரயருக்கு மேற்பட்ட தரைமேற்பரப்பு அகழ்வைச் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்படுத்தியுள்ளது. எல்லையைத் தாண்டாத பல சிறு அகழ்வுகள் ஒரே ஆற்றில் ஒன்றன்பின் ஒன்றாக அமையும்போது அவற்றின் கூட்டு விளைவைக் காட்டவல்லது மாவட்டம் முழுவதையும் ஒன்றாக நோக்கும் அளவையே.

விலைப்பட்டியலில் இல்லாத பயன்கள்

மணலுக்குச் சந்தையில் விலை உண்டு. ஆனால் இருந்த இடத்திலேயே அது செய்யும் வேலைக்கு விலை குறிக்கப்படுவதில்லை. கரையோர மணலிற் சுவறிய மழைநீர் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லையாகத் தங்குகின்றது. கைபன், ஏர்சுபேக்கு ஆகிய அறிஞர் இருவரின் பெயரால் வழங்கும் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர்வரை நன்னீர் இருக்கக்கூடும். மறுதலையாக, மேல்மட்டம் பத்துச் சதமமீற்றர் தாழ்ந்தால் உவர்நீர் நான்கு மீற்றர் மேலெழக்கூடும். மணற்றிட்டு அகற்றப்பட்ட ஊரிற் கிணறு உவராவதன் காரணம் இதனால் விளங்கும். ஆற்றுமுகத்திற் படுக்கை ஆழமாக்கப்படின் கடல்நீர் உள்ளேறி வயல்களையும் பாதிக்கும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நிலாவெளியையும் தாக்கிற்று. அவ்வனர்த்தத்தின்பின் தென்மேற்குக் கரையில் நிகழ்ந்த ஆய்வொன்று, முருகைக்கல் அகழப்பட்ட பெரலியப் பகுதியில் அலை உட்புகுந்த தூரம், முருகைக்கல் எஞ்சியிருந்த ஹிக்கடுவையிலும் பன்மடங்கு மிகுந்திருந்தமையைக் காட்டியது. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வு 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டிருந்தது. முருகைக்கல் அகழ்வு அங்கே பேரிழப்பை ஏற்படுத்தியிருந்தது என்பதையே இது உணர்த்துகின்றது.

யாருக்காக அளப்பது?

ஈற்றில் ஒரு வினா எஞ்சுகின்றது. 2020 ஜனவரியிற் கிண்ணியாப் பகுதியில், அநுமதியற்ற மணல் அகழ்வைத் தடுக்கச் சென்ற கடற்படையினருக்கும் அகழ்வோருக்கும் இடையே மோதல் ஏற்பட்டபோது, ஆற்றிற் குதித்த இளைஞர் இருவர் உயிரிழந்தனர். கழுத்தளவு நீரில் நின்று வாளியால் மணல் அள்ளுபவன் ஆற்றின் பகைவன் அல்லன். வேறு தொழிலின்மையே அவனை அங்கே நிறுத்துகின்றது. எவ்வளவு எடுக்கலாம் என்பது ஊரறிய வரையறுக்கப்படாத இடத்தில், எடுப்பவன் குற்றவாளியாகவும், தடுப்பவன் பகைவனாகவும், வாங்கி விற்பவன் இலாபகாரனாகவும் ஆகின்றமை வியப்பன்று.

ஆகவே அளவையின் பயன் கோப்பிலன்று, ஊரில் இருக்கின்றது. ஆண்டு வரவும் அகழத்தக்க அளவும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டுப் பிரதேச செயலகத்திலும் ஆற்றங்கரைக் கிராமங்களிலும் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். அவ்வளவை எடுக்கும் உரிமையில் அங்கே உழைப்போரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலிடம் அளித்தல் நியாயமாகும். முளை நாட்டி மட்டம் பார்க்கும் பணியிற் பாடசாலை மாணவரும் பல்கலைக்கழகப் புவியியல் மாணவரும் பங்குகொள்ளலாம். அவ்வாறாயின் அடுத்த பருவமழை வடிந்தபின், ஆறு எவ்வளவு மணல் தந்தது என்பதை அவ்வூரார் தாமே சொல்லக்கூடியவராவர். எவ்வளவு எடுப்பது என்ற பேச்சு அதன்பின்னரே தொடங்கவேண்டும்.