விழும் கல்லும் ஏறும் தரையும்

சென்ற தவணையில் விஞ்ஞான ஆசிரியர் வராத ஒரு நாள், தரம் 11 பிள்ளைகளை என்னிடம் விட்டார்கள். தமிழ் படித்தவன் நான். ஒரே உயரத்திலிருந்து ஒரு கல்லைச் சும்மா விட்டாலும், இன்னொன்றைக் கிடையாக எறிந்தாலும், இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் என்று பாடநூலை வாசித்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள் எழும்பிக் கேட்டாள்: "சேர், ஒளி வேகத்துக்குக் கிட்ட எறிஞ்சா?" வேகம் கூடினால் பாரம் கூடும், அதனால் முந்தி விழும் என்று சமாளித்தேன். பிழையான பதில். பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது.

12ஆம் நூற்றாண்டில் அபுல் பரகாத் அல்-பக்தாதி, விழும் பொருளின் வேகம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று ஆராய்ந்தவர். பாரம் விடாமல் உந்துவதால் என்பது அவர் விடை. சார்புக் கொள்கையே அவரிடம் இருந்தது என்று, நம் மேடைகளில் முழங்குவதுபோல், நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு வழி திறந்தது 1907இல் ஐன்ஸ்டீனுக்குத் தோன்றிய எண்ணம்: கூரையிலிருந்து விழுகிறவர் விழும்போது தன் பாரத்தை உணர்வதில்லை. அப்படியானால், சீரான ஈர்ப்புப் புலத்தில் கல் கீழே விழுகிறது என்பதும், கல் அப்படியே நிற்கத் தரை வேகம் கூட்டிக்கொண்டு மேலே வருகிறது என்பதும் ஒன்றுதான். அக்கரப்பத்தனைச் சரிவில் நின்றுகொண்டு இதை நம்புவது கஷ்டம். ஆனால் நம்பிவிட்டால் பிள்ளையின் கேள்வி லேசாகிவிடும். ஒரு கல் நிற்கிறது, மற்றது அதே மட்டத்தில் பக்கவாட்டாகப் பறக்கிறது. ஏறி வரும் தரைக்கு அந்தப் பக்கவாட்டு வேகத்தால் என்ன? இரண்டையும் ஒரே கணத்தில் தொடும். ஒளிக்கதிருக்கும் அதுதான். ஒரு செக்கனில் 4.9 மீற்றர் இறங்கும். அதற்குள் 3 இலட்சம் கிலோமீற்றர் போய்விடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

விழுந்துகொண்டே இருந்தால்? நியூட்டன் கணக்கில் 354 நாளில் ஒளி வேகம் வந்துவிடும். சார்புக் கொள்கைப்படி, கல்லோடு விழும் கடிகாரம் 354 நாள் காட்டும்போது, தரை அதை நெருங்கும் வேகம் ஒளி வேகத்தில் 71 சதவீதம்தான். எவ்வளவு காலம் போனாலும் முழுதாக எட்டாது.

வகுப்பில் பிழையைத் திருத்தினேன். அவள் விடவில்லை: "பூமிக்கு மறுபக்கத்திலயும் தரை மேலேயா ஏறுது? பூமி வீங்கிடாதா சேர்?"

வீங்காது. 'சீரான புலம்' என்பது சிறு இடத்துக்கு மட்டுமே செல்லும். உருண்டைப் பூமி முழுவதற்கும் வெளியும் காலமும் வளைவதைச் சேர்க்க வேண்டும். ஐன்ஸ்டீன் அதற்கு 1915 வரை பாடுபட்டார். சூரியன் அருகே ஒளி, ஏறும் தரைக் கணக்கைவிட இரு மடங்கு வளைய வேண்டும் என்றார். 1919 மே 29 கிரகணத்தில் அதைத்தான் அளந்தார்கள்.