ஒரே பெட்டியில் மூன்று அடுப்புகள்

ஐப்பசி மாத முழுநிலவு நாளில் நீங்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சென்றிருக்கலாம். முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய பெருங்கோயிலில், சுமார் 13 அடி உயரமுள்ள இலிங்கத்துக்கு அன்று அன்னாபிஷேகம் நடைபெறுகிறது. நூறு மூட்டை என்ற அளவில் அரிசி சமைக்கப்பட்டு, சோறு கூடை கூடையாக வந்து குவிகிறது. இத்தகைய பெருங்குவியலின் மேற்பரப்பு விரைவில் ஆறிவிடும். உட்பகுதியோ நெடுநேரம் சூடாகவே இருக்கும். சோறு வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதே இதற்குக் காரணம். உள்ளே உள்ள சூடு வெளியே வர நேரம் ஆவதைப் போலவே, வெளியே உள்ள சூடு உள்ளே செல்லவும் நேரம் ஆகிறது. விறகடுப்பின் முன்னும் எரிவாயு அடுப்பின் முன்னும் நாம் காத்திருப்பது பெரும்பாலும் இந்தப் பயணம் முடிவதற்காகத்தான்.

இக்காத்திருப்பைக் குறைக்க வந்ததே மைக்ரோவேவ் அடுப்பு எனப்படும் நுண்ணலை அடுப்பு. இன்று கடைகளில் விற்பனையாகும் பல அடுப்புகளில் நுண்ணலையோடு கிரில், கன்வெக்‌ஷன் என்னும் இரண்டு வசதிகளும் சேர்ந்துள்ளன. நல்ல விலை கொடுத்து வாங்கிய இந்த அடுப்பு, பல வீடுகளில் காப்பியைச் சுடவைக்கும் பெட்டியாகச் சுருங்கிவிடுகிறது. சில வீடுகளில் பாத்திரம் பொறி கக்குகிறது. சில வீடுகளில் தட்டு உருகுகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பெட்டி ஒன்றாக இருப்பதால் அடுப்பும் ஒன்றுதான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் இருப்பவை மூன்று அடுப்புகள். ஒன்றுக்கு உகந்தது மற்றொன்றுக்கு ஆகாது. இதை மனத்தில் கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாக விளங்கும்.

மூன்றும் எவ்வாறு வேலை செய்கின்றன?

முதல் அடுப்பு நுண்ணலை. இதன் இதயம் மாக்னெட்ரான் என்னும் குழல். 1940-இல் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் இதன் ஆற்றல்மிக்க வடிவத்தை உருவாக்கினர். எதிரி விமானங்களைக் கண்டறியும் ராடார் கருவிக்காக அது செய்யப்பட்டது. போர் முடிந்த காலத்தில், அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் அதே குழலை உணவைச் சூடாக்கப் பயன்படுத்தினார். வீட்டு அடுப்பில் இக்குழல் நொடிக்கு 245 கோடி அதிர்வுகள் கொண்ட மின்காந்த அலைகளை எழுப்புகிறது. அவற்றின் அலைநீளம் சுமார் 12 செ.மீ.

நீர் மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் உண்டு. அலையின் மின்புலம் திசை மாறுந்தோறும் மூலக்கூறும் திரும்ப முயல்கிறது. அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு மோதுகிறது. அந்த மோதலே வெப்பமாகிறது. ஆகவே இங்கே சூடாவது காற்றன்று, பாத்திரமன்று. உணவிலுள்ள நீர்தான் முதன்மையாகச் சூடாகிறது. "நுண்ணலை உணவை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது" என்று சிலர் கூறுவது சரியன்று. பெரும்பாலான உணவுகளில் அது இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்குள்ளேயே வலுவிழந்துவிடும். அதற்கு அப்பால் வெப்பம் பழைய வழியில் மெதுவாகத்தான் நகர வேண்டும்.

இரண்டாவது அடுப்பு கிரில். மேற்புறத்தில் உள்ள கம்பிச் சுருளோ குழலோ செந்தணலாகி, அகச்சிவப்புக் கதிர்களை உணவின்மேல் பாய்ச்சுகிறது. தணலில் சோளக்கதிர் சுடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தோல் சிவக்கும், உள்ளே அவ்வளவாக வேகாது.

மூன்றாவது அடுப்பு கன்வெக்‌ஷன், அதாவது வெப்பக்காற்று அடுப்பு. பின்புறத்தில் சூடேற்றியும் விசிறியும் இருக்கின்றன. விசிறி சூடான காற்றை உணவைச் சுற்றிச் சுழலவிடுகிறது. கேக்கும் ரொட்டியும் சுடுவதற்கு உரியது இதுவே.

நுண்ணலையில் மட்டும் சமைத்த உருளைக்கிழங்கு வேகும், ஆனால் சிவக்காது. நீர் இருக்கும்வரை உணவின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். பொன்னிறமும் வறுத்த மணமும் தோன்றும் வேதிவினைகளோ 140 டிகிரி அளவில்தான் விரைவாக நடக்கும். இவ்வினையை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மெய்யார் பெயராலேயே அது வழங்குகிறது. நுண்ணலை உள்ளே வேகவைக்க, கிரிலோ வெப்பக்காற்றோ மேலே சிவக்கவைத்தால் இரு பயனும் ஒருசேரக் கிடைக்கும். கூட்டுமுறை என்று கைந்நூலில் குறிப்பது இதையே.

எந்தப் பாத்திரம்?

கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் சோழர் அரண்மனையின் அடித்தளம் வெளிப்பட்டது. அங்கே சுட்ட மண்ணால் ஆன கூரை ஓடுகளும் கிடைத்தன. சீனத்திலிருந்து வந்த பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. இரண்டும் மண்ணைச் சுட்டுச் செய்தவையே. ஆனால் ஓட்டின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் அது உறிஞ்சிக்கொள்ளும். பீங்கான்மேல் விட்டால் உருண்டோடும். ஓடு நுண்துளைகள் நிறைந்தது. பீங்கானோ மிகுந்த வெப்பத்தில் சுடப்பட்டுக் கண்ணாடிபோல் இறுகியது.

நுண்ணலைக்குப் பாத்திரம் தேரும்போது இவ்வேறுபாடு முக்கியம். மெருகிடாத மண்சட்டியைக் கழுவி வைத்தால், அதன் துளைகளில் தங்கிய நீரும் உணவோடு சேர்ந்து கொதிக்கும். சட்டி கையைச் சுடும். சில வேளைகளில் விரிசல் விடும். பீங்கானும் வெப்பம் தாங்கும் கண்ணாடியும் நுண்ணலையைத் தம் வழியே விட்டுவிடுகின்றன. ஆனால் பீங்கானில் பொன்விளிம்போ வெள்ளிக் கோடோ இருந்தால் அது உலோகம், பொறி பறக்கும்.

ஐயமான பாத்திரத்தை நீங்களே சோதிக்கலாம். உலோகமோ உலோகக் கோடோ இல்லாத வெறும் பாத்திரத்தை அடுப்பில் வையுங்கள். அருகில் ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் வையுங்கள். முழுத்திறனில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நீர் சூடாகி, பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் அது தகுதியானது. பாத்திரம் சுட்டால் அதை விலக்குங்கள்.

இனி மூன்று அடுப்புகளுக்கும் உள்ள முரண்பாட்டைப் பாருங்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்கள் நுண்ணலையில் ஆகா. வெப்பக்காற்றில் மட்டும் சமைக்கும்போது அவை ஏற்றவை. நுண்ணலைக்கு உரியது என்று குறியிட்ட பிளாஸ்டிக் கிண்ணம் நுண்ணலையில் ஏற்றது. கிரிலிலும் வெப்பக்காற்றிலும் உருகிவிடும். கூட்டுமுறையில் இரண்டு அடுப்புகள் சேர்ந்து இயங்குவதால் இரண்டின் தடைகளும் சேர்ந்தே பொருந்தும்: பிளாஸ்டிக்கும் கூடாது, உலோகமும் கூடாது. அடுப்போடு வந்த கம்பித் தாங்கியைக் கைந்நூல் சொல்லும் முறையில் மட்டும் பயன்படுத்தலாம். வெப்பம் தாங்கும் கண்ணாடியே எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதையும் சூடாக இருக்கும்போது ஈர மேடையில் வைக்காதீர்கள்.

மேலும் இரண்டு கண்ணிகள் உண்டு. கேக் சுட்ட கையோடு பிளாஸ்டிக் கிண்ணத்தில் குழம்பைச் சூடாக்க வைத்தால், முறை நுண்ணலையாக இருந்தாலும் சுவர்களில் எஞ்சியுள்ள சூட்டில் கிண்ணம் வளையும். அடுப்பு ஆறட்டும். அடுத்து, வெப்பக்காற்று அடுப்பை உணவு வைக்கும் முன்பு வெறுமையாகச் சூடேற்றுவது முறை. நுண்ணலையை வெறுமையாக ஓட்டினாலோ, உண்ண உணவு இல்லாத அலைகள் திரும்பி வந்து மாக்னெட்ரானைத் தாக்கும். பொத்தானை அழுத்தும் முன், இப்போது எந்த அடுப்பு இயங்கப் போகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

முந்திரியும் மீந்த சோறும்

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரம் முந்திரிக்குப் பேர்போனது. பருப்பை வறுக்க இவ்வடுப்பு உதவுமா? உதவும், ஆனால் நுண்ணலையில் வேண்டாம். பருப்பில் நீர் மிகக் குறைவு. அலைகள் சமமாகப் பரவாததால் ஒரு பருப்பு வெளுத்திருக்கும். அடுத்தது உள்ளேயே கருகியிருக்கும். வெப்பக்காற்றில் 150 டிகிரியில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, இடையிடையே கிளறி வறுத்தால் ஒரே நிறம் வரும். பருப்பு உள்ளே சூட்டைத் தேக்கி வைத்திருப்பதால், வெளியே எடுத்த பிறகும் சற்றே சிவக்கும். எனவே விரும்பிய நிறத்துக்குச் சிறிது முன்பே எடுத்துவிடுங்கள்.

உடைக்காத முந்திரிக்கொட்டையை எந்த முறையிலும் உள்ளே வைக்கக் கூடாது. அதன் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்; எளிதில் தீப்பற்றும். வெட்டவெளியில் சருகு மூட்டிச் சுடும்போது விலகி நிற்க இடம் உண்டு. மூடிய அடுக்களையில் அதன் புகைக்குப் போக்கிடம் இல்லை.

மீந்த சோற்றைச் சூடாக்குவது இவ்வடுப்பின் அன்றாட வேலை. இங்கே கவனம் தேவை. அரிசியில் இயல்பாகவே வரக்கூடிய பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் பிழைத்திருக்கும். சோறு பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகக் கிடந்தால், உட்பகுதி ஆறாமல் இருப்பதே அவற்றுக்கு வசதியாகிறது. அவை பெருகி வெளியிடும் நச்சுகளுள் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே பாதுகாப்பு தொடங்குவது சூடாக்கும்போதன்று, ஆறவைக்கும்போது. மீந்ததை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆற்றி, குளிர்பெட்டியில் வையுங்கள்.

சூடாக்கும்போது சோற்றைக் குவிக்காமல், நடுவில் குழி விட்டு வளையம்போல் பரப்புங்கள். சிறிது நீர் தெளித்துத் தளர மூடுங்கள். பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். அந்நேரத்தில் சூடு பரவும். நடுப்பகுதியும் ஆவி பறக்கும் அளவு, அதாவது 75 டிகிரிக்குக் குறையாமல், சூடாக வேண்டும்.

உடனடி ஆபத்துகள்

வழவழப்பான குவளையில் நீரை நெடுநேரம் சூடாக்கினால், அது கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் அசைவற்று நிற்கலாம். குமிழி உருவாவதற்கு ஒரு சொரசொரப்பான இடம் வேண்டும். அது இல்லாத நீரில் தேயிலைத்தூளைப் போட்டவுடன் முழுவதும் சீறி முகத்தில் அடிக்கும். நீருக்குள் ஒரு மரக்கரண்டியை முன்பே இட்டு வையுங்கள். தேவைக்கு மேல் ஓட்டாதீர்கள். நின்றதும் அரை நிமிடம் பொறுத்து எடுங்கள்.

ஓட்டோடு கூடிய முட்டை உள்ளே எழும் நீராவியால் வெடிக்கும். வேகவைத்த முட்டையும் அப்படியே. உருளைக்கிழங்கு, கத்திரிக்காய் ஆகியவற்றை முள்கரண்டியால் குத்திவிட்டு வையுங்கள். குழந்தைக்கான பாலை இதில் சூடாக்க வேண்டாம். புட்டி வெதுவெதுப்பாக இருக்கையில் நடுவில் உள்ள பால் வாயைச் சுட்டுவிடும். புட்டியை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்குவதே நல்லது.

உள்ளே தீப்பற்றினால் கதவைத் திறக்காதீர்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். காற்று கிடைக்காமல் தீ அடங்கிவிடும்.

கதிர்வீச்சு அச்சம்

கதிர்வீச்சு என்ற சொல் பலரை அச்சுறுத்துகிறது. நுண்ணலையின் ஒரு துகளுக்குள்ள ஆற்றல், ஒரு வேதிப்பிணைப்பை முறிக்கத் தேவையான ஆற்றலைவிடச் சில லட்சம் மடங்கு குறைவு. அது சூடாக்கும், அணுக்கதிர்போல் உணவில் தங்காது. விளக்கை அணைத்ததும் ஒளி மறைவதுபோல, அடுப்பை நிறுத்தியதும் அலை மறைகிறது.

கதவிலுள்ள துளைத்தகட்டின் வழியே நாம் உள்ளே பார்க்க முடிகிறது, 12 செ.மீ. நீள அலையோ அச்சிறு துளைகளில் நுழைய முடிவதில்லை. கதவிலிருந்து 5 செ.மீ. தொலைவில் கசிவு ஒரு சதுர செ.மீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது என்பது தரவிதி. 50 செ.மீ. தள்ளி நின்றால் அதுவும் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் இந்தக் காப்பு கதவு சரியாக இருக்கும்வரையில்தான். கீல் தளர்ந்தாலோ, கதவு வளைந்தாலோ, தாழ் சரியாக விழாவிட்டாலோ அடுப்பை நிறுத்திவிடுங்கள். விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்குச் சேரவிடாதீர்கள். மேலுறையைக் கழற்றிப் பழுது பார்க்க முயலவே கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே உள்ள மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அது பயிற்சி பெற்றவர் வேலை.

மின்சாரமும் ஒரு சோதனையும்

வெப்பக்காற்று அடுப்பு 2,400 வாட் எடுப்பதாகக் கொள்வோம். 230 வோல்ட்டில் அது 10 ஆம்பியருக்கு மேல் ஆகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகினால் கம்பி சூடேறும். நில இணைப்பு உள்ள 16 ஆம்பியர் பிளக்கே வேண்டும். சுற்றிலும் மேலேயும் காற்றுக்கு இடம் விடுங்கள். அழகுக்காகத் துணி போர்த்தாதீர்கள்.

சிற்றூர்களில் மாலை வேளையில் மின்னழுத்தம் தாழ்வதுண்டு. சூடேற்றியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் திறன் ஏறத்தாழ 61 விழுக்காடாகிவிடும். நுண்ணலையின் வலுவும் குறையும். கைந்நூலில் உள்ள நிமிடக் கணக்கை நம்பி எடுத்த கோழிக்கறி நடுவில் வேகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் அடுப்பின் உண்மையான நுண்ணலைத் திறனை நீங்களே அளக்கலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீர் எடுத்து வெப்பநிலையைக் குறியுங்கள். முழுத்திறனில் சரியாக 2 நிமிடம் ஓட்டி, கலக்கி, மீண்டும் அளவிடுங்கள். உயர்ந்த டிகிரியை 35-ஆல் பெருக்கினால் வாட் கணக்கில் திறன் கிடைக்கும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 4,200 ஜூல் தேவை. அதை 120 நொடிகளால் வகுத்தால் வருவதே 35. காலையில் 20 டிகிரி உயர்ந்தால் திறன் 700 வாட். மாலையில் 14 டிகிரிதான் உயர்ந்தது என்றால் 490 வாட். அப்போது பத்து நிமிட வேலைக்குப் பதினான்கு நிமிடம் வேண்டும்.

இந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி அடுப்பின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். அதன் கீழே மூன்று வரிகள் போதும்: நுண்ணலைக்கு உலோகம் ஆகாது, கிரிலுக்கும் வெப்பக்காற்றுக்கும் பிளாஸ்டிக் ஆகாது, கூட்டுமுறைக்கு இரண்டுமே ஆகா. வீட்டில் யார் சமைத்தாலும், பள்ளி விட்டு வரும் பிள்ளை பாலைச் சூடாக்கினாலும், அந்தத் தாள் அவர்கள் கண்ணில் படட்டும்.