பன்றிக் காவலுக்கு நாய்க்குட்டி பழக்கும் விதம்

தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய எமது மக்கள் அங்கே புதிதாகப் படித்துக்கொண்ட பாடங்களில் பன்றிக் காவலும் ஒன்று. 1958, 1977, 1983 கலவரங்களை அடுத்தும், எழுபதுகளில் தோட்டங்களில் பஞ்சம் தலைகாட்டியபோதும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போயின. மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்றால் எமது வாசகர்களில் பலருக்கு அங்கே ஒரு மாமனோ சித்தியோ இருப்பார்கள். கொழுந்துக் கூடையைத் தவிர வேறொன்றையும் அறியாத கைகள் அங்கே காடு வெட்டி, கச்சான் போட்டு, மரவள்ளி நட்டன. நட்டதில் பாதியைப் பன்றி தின்றது.

காட்டுப் பன்றி செய்கிற அழிவை மலைநாட்டில் இருக்கிறவர்களும் அறிவார்கள். லயத்துக்குப் பின்னால் போட்ட உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே இரவில் கிண்டிப் புரட்டிவிட்டுப் போகும். வன்னியில் அது இன்னும் மோசம். காலபோக நெல் பால் கட்டும் நேரத்தில் வயலுக்குள் இறங்கினால் தின்பது கொஞ்சம், உழக்கி நாசமாக்குவது நிறைய. பளைப் பக்கம் தென்னங்கன்று வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கன்றைக் கிளப்பிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். ஒரு கன்று மறுபடி அந்த உயரத்துக்கு வர எத்தனை மாதம் வேண்டும்!

இதற்காகச் சனங்கள் செய்கிற காரியங்கள் சில, பன்றியை விட ஆபத்தானவை. வேலிக்கு மின்சாரக் கம்பி இழுத்து, அதில் தாங்களே மாட்டிச் செத்தவர்கள் உண்டு. தீனிக்குள் வைக்கிற பன்றி வெடியை யானைக் குட்டி கடித்தால் வாய் சிதறி, தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகும். கம்பிச் சுருக்கு யார் கழுத்தையும் பார்த்து இறுக்குவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டு, காப்பாற்றிக் கொண்டுபோயும் சில நாளில் இறந்தது எமது தோட்டப் பகுதிகள் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். துவக்கு என்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏழை விவசாயிக்கு அது இலேசில் கிடைக்கிற சாமான் அல்ல. ஆகவே நல்ல இரண்டு மூன்று நாய்கள் வைத்திருப்பதுதான் கையில் காசில்லாதவன் செய்யக்கூடிய காவல். வன்னியில் பழைய குடிகள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்கள். 2009இல் சனங்கள் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தபோது நாய்களைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லாமல் போயிற்று. திரும்பி வந்தவர்கள் குட்டியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இப்போதும் குட்டி வளர்க்கிற இளைஞர்கள் எங்களைக் கண்டால் இதைப்பற்றித்தான் கேட்கிறார்கள்.

முதலில் குட்டியைத் தெரிவு செய்வது. சாதி நாய் வேண்டும் என்று அலையத் தேவையில்லை. நுவரெலியாவில் 1848 முதல் சில வருடங்கள் குடியிருந்த சாமுவேல் பேக்கர் துரை சீமையிலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் இறக்கி மரையும் பன்றியும் வேட்டையாடினார். அவருடைய புத்தகத்திலேயே பன்றியின் கொம்பு நாய்களுக்குச் செய்த சேதம் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் கோம்பை நாயும் ராஜபாளையம் நாயும் பன்றி வேட்டைக்குப் பேர் போனவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் பிறகு அங்கே அவற்றுக்கு வீட்டுக் காவலும் தோட்டக் காவலும்தான் வேலை. எங்களுக்கு ஊர் நாயே போதும். வெயில் தாங்கும், கிடைத்ததைத் தின்னும், காயம் சீக்கிரம் ஆறும். தாய் நாய் காவலுக்குப் போய்ப் பழகியதா என்று மட்டும் விசாரியுங்கள். ஒரு தகரத்தைக் கீழே போட்டுப் பாருங்கள். ஓடி ஒளிந்து திரும்பி வராத குட்டி வேண்டாம். துள்ளி விலகிப் பிறகு வந்து முகர்ந்து பார்க்கிற குட்டிதான் வேலைக்கு உதவும். கடுவனா பெட்டையா என்பது பெரிய விஷயமில்லை. எங்களைக் கேட்டால் பெட்டைக்குப் புத்தி கூட என்போம். சண்டை போடுவதும் குறைவு.

ஆறு மாதம் வரை பன்றி என்ற பேச்சே வேண்டாம். இந்தக் காலத்தில் குட்டி படிக்க வேண்டியது மூன்று சொல்தான்: வா, இரு, விடு. வீட்டில் ஒருவர் ‘வா’ என்றும் இன்னொருவர் ‘இங்க வாடா’ என்றும் கூப்பிட்டால் அதற்குக் குழப்பம். எல்லோரும் ஒரே சொல், கூடவே ஒரே சீழ்க்கை. கூப்பிட்டதும் வந்தால் ஒரு துண்டு கருவாடோ தலையில் ஒரு தடவலோ கிடைக்க வேண்டும். பிந்தி வந்த குட்டியை அடிக்கிற பழக்கம் எமது சனங்களிடம் உண்டு. அடி வாங்கின குட்டி, வந்ததற்காகத்தான் அடித்தார்கள் என்றே நினைக்கும். அடுத்த முறை வராது. காட்டு ஓரத்தில் கூப்பிட்டு வராத நாய் இருந்தும் பிரயோசனமில்லை.

இதே காலத்தில் ஆடு, மாடு, கோழி நடுவில் கயிற்றில் கட்டி நடத்திப் பழக்க வேண்டும். ஆட்டைப் பார்த்துப் பாய்ந்தால் கயிற்றை இழுத்து ‘விடு’ சொல்லி, திரும்பிப் பார்த்த உடனே தட்டிக் கொடுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். அயலவனின் ஆட்டைக் கடித்த நாயால் ஊரில் எத்தனை சண்டை என்பதை நலன்புரி வேலையில் இருக்கிற எங்களைவிட யார் அறிவார்!

ஆறு மாதத்துக்குப் பிறகு மோப்பம். காய்ந்த பன்றித் தோல் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, குட்டி பார்க்காத நேரத்தில் ஐம்பது அடி தூரம் நிலத்தில் இழுத்துப் போய், முடிவில் ஒரு தீனியோடு ஒளித்து வையுங்கள். குட்டியைத் தொடக்கத்தில் விட்டால் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு போகும். கண்டுபிடித்ததும் நன்றாகப் புகழ வேண்டும். பிறகு தூரத்தைக் கூட்டி, வளைவு வைத்து, வாய்க்காலைக் கடந்து, இழுத்து ஒரு மணி நேரம் கழித்து என்று மெல்ல மெல்லக் கடினமாக்குங்கள். காலையில் பனி ஈரம் இருக்கும்போது வாசனை நிற்கும். மத்தியான வெயிலில் குட்டி தடுமாறினால் அது குட்டியின் குற்றமில்லை. பிடித்த பன்றிக் குட்டியைக் கூட்டில் அடைத்து நாயை ஏவிப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் வதை. நாய்க்கும் அதனால் கெட்ட பழக்கம்தான் வரும். பன்றி ஓடாது, திருப்பித் தாக்காது என்று அது நம்பிவிடும்.

நேரில் பன்றியைக் காட்டுவது ஒரு வயதுக்குப் பிறகு, அதுவும் பழகிய நாய்களோடு. இரண்டு கிழட்டு நாய்க்கு ஒரு இளம் நாய் என்பது சரியான கணக்கு. இரண்டு இளசுகள் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று வீரம் காட்டப் போய் இரண்டும் அடிபடும். தடத்தைப் பார்த்து விடுங்கள். பெரிய குளம்பு தனியாகப் போயிருந்தால் அது தனியன் பன்றி. இளம் நாயை அன்று கட்டிப் போடுங்கள். குட்டியோடு போகிற பெட்டைப் பன்றியும் சாது அல்ல. ஆண் பன்றியின் கீழ்க் கொம்பு மேல் கொம்போடு உரசி உரசிக் கத்தி மாதிரி கூராகிக்கொண்டே இருக்கும். தோளில் தோலும் தசைநாரும் தடித்துக் கேடயம் போல இருப்பதால் நாயின் கடி அங்கே ஏறாது. பன்றி தலையைக் கீழே போட்டு மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டும். அந்த வெட்டு நாயின் வயிற்றிலோ தொண்டையிலோ நெஞ்சிலோ விழும்.

ஆகவே நாம் பழக்க வேண்டியது குரைத்து நிறுத்துகிற நாயை. அமெரிக்காவின் லூசியானாவில் கட்டஹூலா என்ற நாயை இதற்கென்றே வளர்க்கிறார்கள். நியூசிலாந்திலும் தேடிக் குரைக்கிற நாய் வேறு, பிடிக்கிற நாய் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பிடிக்கிற நாய்க்கு நெஞ்சையும் கழுத்தையும் மூடத் தடித்த கவசம் போடுவார்கள். எங்களிடம் கவசமும் இல்லை, பிடித்த பன்றியை முடிக்க ஆளும் இல்லை. எமது தேவை பன்றி வயலுக்குள் தங்காமல் கலைந்து போக வேண்டும் என்பதுதான். மூன்று நாய் சுற்றி நின்று எட்டாத தூரத்தில் குரைத்தால் பன்றிக்கு அந்த வயல் வெறுத்துப் போகும். இளம் நாய் கிட்டப் போய்க் கவ்வப் பார்த்தால் உடனே கூப்பிட்டு எடுங்கள். அதன் தைரியத்தைப் பார்த்துக் கைதட்டி உற்சாகப்படுத்துகிறவர்கள், பெரும்பாலும் அந்த வருடத்திலேயே அதைப் புதைக்கிறார்கள்.

எங்கே விடலாம் என்பதும் முக்கியம். உங்கள் காணி, உங்கள் வேலி, அதோடு நிறுத்துங்கள். தேசியப் பூங்காவுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வேட்டையாடுவது குற்றம். 2015இல் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவானது. அதன் எல்லையில் காணி உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மான், மரை, அழுங்கு ஆகியவற்றைச் சட்டம் பாதுகாக்கிறது. உங்கள் நாய் பிடித்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பன்றி இறைச்சி பற்றிய விதிகளை வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் நாய் ஓடிவிட்டால் பின்னால் போகாதீர்கள். வெளியே நின்று சீழ்க்கை அடியுங்கள். ‘வா’ என்ற சொல்லை ஆறு மாதம் பழக்கச் சொன்னதன் அருமை அப்போது தெரியும். மடியில் ஒரு கம்பி வெட்டுகிற குறடும் வைத்திருங்கள். யாரோ வைத்த சுருக்கில் முதலில் மாட்டுவது உங்கள் நாயாகவும் இருக்கலாம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. சித்திரை வைகாசியில் மத்தியானம் ஓடவிட்டால், நாக்கு கருஞ்சிவப்பாகி, தள்ளாடி, அப்படியே விழுந்து செத்துப்போகும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை, பாதமெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

ஊசி விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவோம். காட்டு ஓரத்தில் திரிகிற நாய் நரியோடும் கீரியோடும் சண்டை போடும், விசர் அப்படி வரலாம். மூன்று மாதத்தில் முதல் விசர் ஊசி, பிறகு வருடாவருடம். அரசாங்கம் நடத்துகிற முகாம்களில் காசில்லாமல் போடுகிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் திகதி கேட்கலாம். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வை பார்க்கிறவரிடமும் மந்திரிக்கிறவரிடமும் போய் நாளைக் கடத்தினால், நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது.

பன்றி வெட்டின நாய்க்குக் காயத்தில் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, புகையிலை எதுவும் வைக்கக் கூடாது. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டு, அதனால் கழுவிச் சுத்தமான துணியால் கட்டுங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். அதே உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மூடி, வயிற்றைச் சுற்றிக் கட்டி, ஒரு சாக்கில் படுக்க வைத்து மிருக வைத்தியரிடம் தூக்கிப் போங்கள். நெஞ்சில் ஓட்டை விழுந்து காற்று சத்தம் கேட்டால் சுத்தமான பொலித்தீன் துண்டால் மூடிக்கொண்டு போக வேண்டும். வலிக்கு என்று பனடோல் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல நாய் என்றாலும் வலியில் எஜமானையே கடிக்கும், வாயைத் துணியால் கட்டிவிட்டுத் தொடுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் கட்ட வேண்டாம். தையல் பிரித்த பிறகும் வைத்தியர் சரி என்று சொல்லும் வரை கட்டித்தான் வைக்க வேண்டும். மறுபடி இறக்கும்போது முதலில் தோல் துண்டு மோப்பத்திலிருந்து தொடங்குங்கள். பயந்து பின்வாங்கினால் அதை வீட்டு வாசலில் காவலுக்கு விட்டுவிட்டு, வயலுக்கு வேறு குட்டி பாருங்கள்.